பின்னறையில் எழுந்த புகை

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, பொதிகள் அனுப்பும் கடையொன்றில் வேலை செய்கிறேன். வெளிநாட்டுக்குப் போகும் பொதிகளை இங்கே கட்டிக் கொழும்புக்கு அனுப்புவோம். அங்கிருந்து விமானத்தில் போகும். மின்கலங்கள் வழியில் தீப்பிடிக்கலாம் என்பதால், வருகிற ஒவ்வொருவரிடமும் "பற்றரி ஏதும் இருக்கோ?" என்று கேட்க வேண்டும். நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, பதிலைக் காதில் வாங்காமலே படிவத்தில் புள்ளடி போடப் பழகியிருந்தேன்.

ஒருநாள் காலை கிண்ணியாவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கட்டாரில் இருக்கும் மகனுக்கு அனுப்ப, உடுக்கச் சாரன்கள், மாசிச் சம்பல், மனைவி தைத்த தலையணை உறைகள்.

"பற்றரி ஏதும் இருக்கோ?"

"இல்ல தம்பி."

சாமான் நிறைந்து பெட்டி மூட முடியவில்லை. முழங்காலை ஊன்றி அமுக்கி, இறுக்க ஒட்டுநாடா சுற்றினேன்.

மத்தியானம் பின்னறையில் ஏதோ சீறியது. ஓடிப்போய்ப் பார்த்தால், அந்தப் பெட்டியின் மூலையிலிருந்து வெள்ளைப் புகை. நானும் முதலாளியும் மண்வெட்டியால் அதை முற்றத்துக்குத் தள்ளி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். அடங்கியபின் கிளறினோம். சாரன்களுக்கு நடுவில் ஒரு பவர் பேங்க் கருகிக் கிடந்தது. இதே பெட்டி விமானத்தில் ஏறியபின் பற்றியிருந்தால்?

"அந்த மனுசன் பொய் சொல்லிப்போட்டார்," என்று முதலாளி கொதித்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பின்னேரம் கோபத்தோடுதான் பாலம் கடந்து அவர் வீட்டுக்குப் போனேன்.

நடந்ததைக் கேட்டதும் பெரியவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"பற்றரி எண்டா டோர்ச்சுக்குப் போடுறதுதானே தம்பி? இது சார்ஜர். போன லீவுல மகன் மறந்து வெச்சிட்டுப் போனது. கொஞ்சம் ஊதியிருந்திச்சு, அவ்வளவுதான்."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு விளங்காத கேள்வியைக் கேட்டவன் நான். ஊதியிருந்ததை நசியும்படி அமுக்கிக் கட்டியவனும் நான். அதையும் அவரிடம் சொன்னேன்.

உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்டார்: "ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகல்லயே?"

"இல்லையம்மா."

"அது போதும். உறை இன்னொருக்கா தைக்கலாம்."

தேநீர் குடிக்காமல் போகவிடவில்லை.

இப்போது ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறேன்: போன், பவர் பேங்க், சவர மெஷின், பிள்ளைகளின் விளையாட்டுக் கார். பிறகு பையைத் திறந்தும் பார்க்கிறேன். வரிசை நீள்கிறது. "எங்களை நம்பேல்லையோ?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். நம்புகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் திறக்கச் சொல்கிறேன்.