உறுமக் கூடாது என்று பழக்கிய நாய்

ஓய்வுபெற்ற பிறகு நெடுங்கேணியில் ஒரு சிறிய மனநல உதவி நிலையத்தை நடத்தினேன். அங்கே ஒரு பழுப்பு நிறப் பெட்டை நாய் இருந்தது. போரின் கடைசியில் மகனைத் தொலைத்து, வருடக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்த ஒரு பெண், அதன் கழுத்தைத் தடவியபடிதான் மறுபடி பேசத் தொடங்கினார். முள்ளிவாய்க்காலிலிருந்து பஸ்ஸில் வருவார். முதலில் நாயுடன் மட்டும் பேசினார். பிறகு எங்களுடனும் பேசினார்.

நாயைத் துணைக்கு வைத்துச் செய்யும் சிகிச்சையை நான் முறையாகப் படித்தவன். நாயிடம் அதிக நேரம் வேலை வாங்கக்கூடாது. அது விலகிப் போனால் பின்னால் போகக்கூடாது. யாரும் தொடாத ஒரு மூலை அதற்கு இருக்கவேண்டும். இவற்றை மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தும் இருக்கிறேன். எங்கள் நாயின் மூலை, சமையல் நடக்கும் குசினியில் மேசைக்குக் கீழே.

ஆனால் காலையில் ஆட்களைக் கொண்டுவரும் பஸ் பின்னேரம்தான் திரும்பும். அவ்வளவு தூரம் வந்தவர்களிடம் நாய் களைத்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுப்பதுபோல நாயையும் கொடுத்தேன். அது ஒதுங்கப் போகும் என்று குசினிக் கதவைச் சாத்தி வைத்தேன்.

ஒருநாள் அந்தப் பெண் பேசிக்கொண்டிருக்க, நாய் முகத்தைத் திருப்பிக் கொட்டாவி விட்டது.

“நாய்க்கே உன்ர கதை அலுத்துப்போச்சடியப்பா!” என்றார் பக்கத்தில் இருந்த இன்னொரு பெண்.

“அலுக்கட்டும். உங்களை மாதிரி இடையில எழும்பி ஓடாமல் இருக்கிறாள்தானே,” என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தோம். எழும்பி ஓட நான் வழி விடவில்லை. நாய் கொட்டாவி விடுவது அலுப்பினால் அல்ல, தாங்க முடியாமல்தான் என்று அந்த அறையில் தெரிந்திருந்தவன் நான் ஒருவன். நானும் சிரித்தேன்.

பிறகு அது உறுமத் தொடங்கியது. ஆட்கள் பயந்துவிடுவார்கள் என்று, உறுமிய போதெல்லாம் “சீ, பொத்து வாயை!” என்று மூக்கில் தட்டினேன். உறுமல் நின்றது. எவ்வளவு பொறுமையான நாய் என்று வந்தவர்களிடம் பெருமையடித்தேன்.

மகனின் பிறந்தநாளன்று அந்தப் பெண் அழுதபடி நாயை இறுக்கிக் கட்டிப்பிடித்தார். அது சத்தமே போடாமல் அவர் மணிக்கட்டைக் கடித்தது.

“கடிக்கேல்லை ஐயா, பல்லுத்தான் பட்டது. அவளை ஒண்டும் செய்துபோடாதேங்கோ,” என்றார், இரத்தத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு.

ஆட்கள் வர மறுத்தார்கள். காட்டுப்பன்றிக் காவலுக்கென்று ஒரு வயல்காரர் நாயைக் கேட்டார். கொடுத்துவிட்டேன். பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். கட்டையான சங்கிலியில் கட்டிக் கிடந்தது. நான் கையை நீட்ட, முகத்தைத் திருப்பிக் கொட்டாவி விட்டது. அந்த மழைக்காலத்திலேயே செத்துப்போனதாகச் சொன்னார்கள்.

அந்தப் பெண் பிறகு வரவில்லை. தொலைபேசியில் அவருடைய தங்கை பேசினார்.

“அக்கா இப்ப ஆரோடையும் கதைக்கிறேல்லை ஐயா. தன்னாலதான் நாயைக் கலைச்சு அனுப்பினவை எண்டு கடைசியாச் சொன்னவா.”

“போனை அவவின்ர காதில வையுங்கோ, பிள்ளை.”

சாத்திய கதவையும் மூக்கில் தட்டியதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். பிழை உங்களுடையது அல்ல என்றேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

“ஐயா,” என்றார் தங்கை, “அக்கா எழும்பிப் போயிட்டா.”