திட்டுங்க, சிஸ்டர்
பிரசவ வார்டில் அந்த நர்சுக்கு வாய்க்காரி என்று பெயர். அவள் வாய்க்குப் பயந்து டாக்டரே சுற்றிக்கொண்டு போவார். பிறந்ததும் அழாத குழந்தையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "சோம்பேறி, வந்ததும் வராததுமா என்ன தூக்கம்?" என்று கன்னாபின்னாவென்று திட்டுவாள். அவள் திட்டிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை என்று வார்டுக்கே தெரியும்.

அன்று பிறந்த பெண் குழந்தை நீலம் பாரித்துத் துவண்டு கிடந்தது. துடைத்தாள், தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள், வாய் ஓயாமல் திட்டினாள். அசைவே இல்லை. மூக்கையும் வாயையும் மூடும் குட்டி முகமூடியைப் பொருத்தி, காற்றுப் பையை அமுக்கத் தொடங்கினாள். மனதுக்குள் எண்ணிக்கொண்டே அமுக்க வேண்டியிருந்ததால் வசவு நின்றுபோனது.

வசவு நின்றதும் கட்டிலில் கிடந்த தாய் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏன் சிஸ்டர் பேசாம இருக்கீங்க? திட்டுங்க! எம்பொண்ணைத் திட்டுங்க!"

நர்ஸ் திரும்பவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. அமுக்கினாள், அமுக்கினாள். குழந்தையின் நெஞ்சு ஒருமுறை தானாக ஏறியது. பிறகு பூனைக்குட்டிபோல ஒரு சிணுங்கல்.

"எங்கடி போயிருந்தே, திமிர் பிடிச்சவளே?" நர்ஸின் குரல் உடைந்தது.

அந்த வசவைக் கேட்ட பிறகுதான் தாய்க்கு மூச்சு வந்தது.