பாட்டை வெட்டிய பாட்டுப் படம்

சினிமா ஆபரேட்டருக்குப் படத்தைவிட ஜனங்களின் பின்னந்தலைதான் அதிகம் தெரியும். என்னைப் போல் புரொஜக்டர் சூட்டில் வெந்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலை தியேட்டர் ஒன்றில், வெள்ளைக்காரர்களின் பாட்டுக் கச்சேரிப் படம் ஒன்றைச் சனி, ஞாயிறு காலைக் காட்சிக்கு எடுக்கச் சொல்லி முதலாளியிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை

பாதிப் படத்திலேயே பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து மண்டிக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை போட வந்த விவசாயி ஒருவர், நேராக மாடியேறி என் அறைக்கே வந்துவிட்டார். திரையில் நீளமுடிக்காரர் ஒருவர் கிதாரோடு அரை மணி நேரமாகப் பாடிக்கொண்டிருந்தார். "ஏங்க, இந்தாளு கட்டையத் தூக்கினு நிக்கிறாரே ஒழிய, ஒருத்தனையும் அடிக்கக் காணோமே?"

கத்தரி

படம் இழுத்து மேட்னிக்கும் நேரமாகிவிட்டது. முதலாளிக்குக் கோபம். "நாளைக்கும் ஜனம் எழுந்து போச்சுன்னா, நீ சைக்கிள் ஸ்டேண்டுல டோக்கன் குடுக்கப் போ. முதல்ல பாட்டையெல்லாம் எடுத்துடு" என்றார். நீளமான படம் என்றால் பாட்டை வெட்டுவது எங்கள் வழக்கம். மறுநாள் காலை நானும் கைப்பழக்கத்தில் ஒன்றுவிடாமல் வெட்டினேன். கடைசி ரீலில்தான் புத்தி வந்தது. மூன்று மணி நேரப் படத்தில் மிஞ்சியது முக்கால் மணி நேரம்! திரும்ப ஒட்ட நேரமில்லை. டிக்கெட் கிழிக்கும் ஏகாம்பரம் அண்ணன் தரையில் கிடந்த பிலிமைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்பிள்ளய வெளிய அனுப்பிட்டு, பந்தி மட்டும் போடப் போறியாடா?"

ஞாயிற்றுக்கிழமை

கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினேன். திரையில் மேடைக்குப் பலகை அடிக்கிறார்கள். ரொட்டிக்கு வரிசையில் தள்ளுமுள்ளு. டிரம் அடிப்பவர் சட்டையைப் பிழிகிறார். கைக்குழந்தையோடு ஒருவர் கூட்டத்தில் பெண்டாட்டியைத் தேடுகிறார். தீபத்துக்குத் தீபம் கூட்டத்தில் நசுங்கும் ஊராயிற்றே, விடுவார்களா? "தோ, உன் பின்னாலதான் நிக்குதுய்யா!" என்று தியேட்டரே கத்தியது. அந்த அம்மா கிடைத்ததும் விசில். முடிந்ததும் இன்னொரு வாட்டி போடச் சொன்னார்கள், போட்டேன். ஒருவரும் எழவில்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசி வரிசையில் முழுக்க உட்கார்ந்து பார்த்த முதலாளி மாடியேறி வந்து என் தோளைத் தட்டினார். "படம் அருமடா! நடுவுல ஒரே ஒரு பாட்டு வச்சிருந்தான்னா இன்னும் ஜோரா இருந்திருக்கும்."

கச்சேரிப் படத்தில் மேடை எதற்கு என்று யாராவது என்னைக் கேட்டால், கூட்டம் எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்று தெரிவதற்குத்தான் என்பேன்.