அவையோர் இல்லாத வானம்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரப் பட்டிமன்றங்களில் என்னை எதிரணியில் காண எவரும் விரும்புவதில்லை. நினைவு தவறினால் திணறக் கூடாது, விளியை நீட்ட வேண்டும் என்பது மேடை எனக்குக் கற்றுத்தந்த உத்தி. ‘தலைவர் அவர்களே, நடுவர் அவர்களே, தாய்மார்களே’ என்று அடுக்கிக்கொண்டே போனால், தொலைந்த சொல் தானாகத் திரும்பி வரும்.

எழுபதுகளின் இறுதியில், திருச்சியில் விமானம் ஓட்டவும் பயின்றேன். ஆசிரியர் உடன் வராமல், தனியாக அரியலூர் வரை பறந்து திரும்ப வேண்டிய நாள் அது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் வெள்ளைத் தழும்புகளாகக் கீழே கிடந்தன. அவற்றைச் சுற்றித் திரும்பும்போது, இடது விலாவுக்குக் கீழே கத்தி இறங்கியது போல் ஒரு வலி. அது சிறுநீரகக் கல் என்பதை மருத்துவமனையில்தான் அறிந்தேன். அப்போது அறிந்ததெல்லாம் வியர்வையில் கைப்பிடி வழுக்கியதும், பார்வையின் ஓரங்கள் இருளத் தொடங்கியதும்தான். நான் மயங்கினால் விமானத்தைப் பிடிக்க வேறு கைகள் இல்லை.

ரேடியோ பொத்தானை அழுத்தி என் நிலையைச் சொன்னேன். சொல்லி முடித்தும் விரலை எடுக்கவில்லை. பேச்சு நின்றால் நினைவும் நின்றுவிடும் என்று தோன்றியது. “தலைவர் அவர்களே, நடுவர் அவர்களே” என்று தொடங்கினேன். அவையோர் தீர்ந்தபின் கொள்ளிடத்தை விளித்தேன். ஏலாக்குறிச்சி மாதா கோயிலை விளித்தேன். குரல் கம்பீரமாகவே இருந்தது. பதில் மட்டும் வரவில்லை. கைவிட்டுவிட்டார்கள் என்றே எண்ணினேன். இன்ஜின் இரைச்சல் கைதட்டலாகக் கேட்கத் தொடங்கியது.

வலி மீண்டும் சுருட்டிப் பிடித்தபோது விரல் நழுவியது. உடனே காதுக்குள் ஆசிரியரின் குரல், பாதியிலிருந்து:

“...விடுய்யா, அந்தப் பட்டன விடு. நீ அமுக்கிட்டே இருந்தா நாங்க பேசறது எப்படிய்யா உனக்குக் கேக்கும்?”

“கேக்குதுங்க சார்.”

“அப்பாடா. நடுவர் மணி அடிச்சாச்சு, போதும். கொள்ளிடம் தெரியுதா?”

“மங்கலாத் தெரியுதுங்க.”

“அதப் புடிச்சுக்கிட்டே மேற்க வா. நான் கேட்டா மட்டும் வாயத் தொற.”

அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னபோது இறங்கினேன், சொன்னபோது திரும்பினேன். சக்கரங்கள் ஓடுபாதையில் முட்டி, துள்ளி, நின்றன. என்னைத் தூக்கி இறக்கும்போது அவர் சொன்னார்: “பேர் சொல்லிக் கூப்புட்டுட்டே இருந்தேன்யா. நீ பாட்டுக்கு யார்யாரையோ கூப்புட்டுட்டு இருந்த.”

கல் வெளியேறிவிட்டது. பறக்கும் அனுமதி திரும்பக் கிடைக்கவில்லை. மேடை எஞ்சியது.

சென்ற மாதம் அரியலூரில், “தலைவர் அவர்களே, நடுவர் அவர்களே” என்று நான் தொடங்கியதுமே கைதட்டல் எழுந்தது. எனக்கு அது இன்ஜினாகக் கேட்டது. குனிந்து பார்த்தேன். என் கட்டைவிரல் மைக்கின் தண்டை அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்தேன். எங்கோ யாரோ என் பெயரை வெகுநேரமாக அழைத்துக்கொண்டிருப்பது போலிருந்தது.

“என்னாச்சுங்க ஐயா, பேசுங்க” என்றார் நடுவர், மெல்ல.

அவை காத்திருந்தது. நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.