இருபத்தேழாம் பேர்

அங்கப்பண்ணனுக்கு எழுத்து அழகாக இருக்கும். இப்போது மூடிவிட்ட ஒரு நூல்மில்லின் டைம் ஆபீஸில் முப்பது வருடம் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதிய கை. கல்யாணப் பத்திரிகை உறைமேல் பேர் எழுதவும் மின்சார ஆபீஸுக்கு மனு எழுதவும் ஊரில் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். எழுதி முடித்ததும் காகிதத்தைத் தூரத்தில் பிடித்து ஒருமுறை பார்த்துக்கொள்வார். புது மாப்பிள்ளை கண்ணாடி பார்க்கிற மாதிரி இருக்கும். எனக்குப் பாதி நாள் சிரிப்பு வரும், பாதி நாள் எரிச்சல் வரும்.

நான் மெஹராஜ். சுண்ணாம்புமேட்டில் மிலிட்டரி கேம்ப் கேட்டுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கோயமுத்தூரிலிருந்து பல்லடம் போகிற ரோட்டில் தெற்கே பிரிந்தால் எங்கள் ஊர். கல்யாணமாகி இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அதனால் ஊர்ச் சங்கதிகளில் பாதி எனக்குக் காதில் விழுந்ததுதான், கண்ணால் பார்த்ததில்லை. அந்த அரைகுறைச் செவிவழிப் பேச்சை நம்பி நானும் ஒரு பாவம் செய்திருக்கிறேன். அதையும் சொல்லத்தான் போகிறேன்.

இரண்டாம் உலகப்போர் நடந்தபோது வெள்ளைக்காரன் இந்த மேட்டை எடுத்துக்கொண்டானாம். முதலில் கூடாரம், அப்புறம் கம்பிவேலி, அப்புறம் மதில், இப்போது மதிலுக்கு மேல் கேமரா. நாற்பத்தோரு குடும்பத்து நிலம் உள்ளே போய்விட்டது. நிலத்தோடு ஊர் மாகாளியம்மனும் உள்ளே போய்விட்டாள். இன்றைக்கு ஊர் பிழைப்பதே கேம்பை நம்பித்தான். முடிவெட்டுகிறவர், தையல்காரர், கறிக்கடை, வாடகை வீடு, என் ஜெராக்ஸ் மிஷின் எல்லாம் அந்த கேட்டைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கின்றன. ஆனாலும் டீக்கடையில் உட்கார்ந்தால் நிலம் போன கதைதான். கேம்ப் நாளைக்கே காலியானால் முதலில் ஒப்பாரி வைப்பவர்களும் இவர்களாகத்தான் இருப்பார்கள்.

நிலம் கொடுத்த குடும்பங்கள் வருடத்தில் ஒருநாள் உள்ளே போய் அம்மனுக்குப் பொங்கல் வைக்கலாம் என்று அந்தக் காலத்திலேயே உத்தரவு போட்டிருந்தார்கள். தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை. செல்போன் கூடாது. பொங்கல் பானையைக்கூட மிஷின் வைத்துத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். உள்ளே போக முடிகிற வீட்டுக்கு ஊரில் தனி மரியாதை. பெண் கேட்டுப் போனால்கூட, "அவங்க பேரு லிஸ்ட்டுல இருக்குதுங்களா?" என்று விசாரிப்பார்கள்.

அந்த லிஸ்ட்டை எழுதுகிறவர்தான் அங்கப்பண்ணன். அவருடைய அப்பா எழுதிக்கொண்டிருந்தார். அவர் இறந்த வருடத்திலிருந்து இவர். முப்பத்தெட்டு வருடம். போன வருட லிஸ்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வருடத்துக்கு எழுதுவார். நாற்பத்தோரு நம்பர். ஒவ்வொரு நம்பரிலும் நிலம் கொடுத்தவர் பேர், அதற்குக் கீழே இப்போது இருப்பவர்கள். இருபத்தேழாவது நம்பர் அவருடைய தாத்தா பழனியப்பன். எங்கள் கடை வாசலில் நின்று, கேம்ப் தண்ணீர்த் தொட்டி பக்கம் கையைக் காட்டி, "எங்க நாலு ஏக்கரா அங்கதானுங்க அம்மணி போச்சு" என்று என்னிடமே நூறு தடவை சொல்லியிருப்பார். பதினோரு வருடமாக அவர் எழுதித் தருவதை நான் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கிறேன். அடித்ததில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் திரும்ப அடிக்கச் சொல்வார்.

பூவாத்தா அக்காவைப் பற்றியும் சொல்லவேண்டும். மேற்கு வீதியில் இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றுகிறார். புருசன் சுப்பண்ணன் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகன் மதன்குமார் மோட்டார் பம்ப் கம்பெனிக்குப் போகிறான். அந்த வீட்டுப் பேர் லிஸ்ட்டில் இல்லை. சுப்பண்ணனின் தாத்தா நாச்சிமுத்து தானாகப் போய் வெள்ளைக்காரனுக்கு நிலத்தைக் கிரயம் எழுதிக் கொடுத்தவர், ஊரைக் காட்டிக்கொடுத்தவர், அதனால்தான் ஊரை விட்டு ஈரோட்டுக்கு மஞ்சள் மண்டி வேலைக்கு ஓடிப்போனார் என்று நான் மருமகளாக வந்த புதிதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பல வருடம் கழித்து அவர் பிள்ளைகள் ஊர் திரும்பினார்களாம். நிலமுமில்லை, லிஸ்ட்டில் பேருமில்லை.

பூவாத்தா அக்காவின் மாமியார் ஒவ்வொரு வருடமும் கேட்டுக்கு வெளியே பானையோடு நிற்பாராம். உள்ளே போகிறவர்கள் யாராவது மனசு இறங்கி அவருடைய ஒரு படி அரிசியை வாங்கித் தங்கள் பானையில் போட்டுக்கொள்வார்கள். மாமியார் போனபிறகு அக்கா நின்றார். நான் அடிக்க ஆரம்பித்த முதல் வருடம் கடைக்கு வந்து, தன் வீட்டுப் பேரையும் சேர்த்து அடித்துவிட முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். லிஸ்ட்டில் இல்லாததை நான் எப்படி அடிப்பது என்று நறுக்கென்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இந்தத் தையில் கேம்ப் ஆபீஸில் பாஸ் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியது. புதிய அதிகாரி, பழைய உத்தரவைத் தேடி எடுத்து அதோடு ஒத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். உத்தரவில் உள்ள நாற்பத்தோரு பேர்தான். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆனால் உத்தரவோடு இணைத்திருந்த பட்டியல் பழைய காலத்துத் தமிழ்க் கையெழுத்து. ஆபீஸில் யாருக்கும் படிக்க வரவில்லை. கேரளக்கார ஹவில்தார் ஒருவர் அதன் நகலைக் கொண்டுவந்து எங்களிடம் கொடுத்து, சரிபார்த்து நாலு மணிக்குள் தரச் சொல்லிவிட்டுப் போனார். அங்கப்பண்ணனுக்கு ஒரே சந்தோஷம். இந்த வருடம் அவருக்குக் கூடுதல் விசேஷம். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் மோகனப்பிரியா, தலைப்பிள்ளைக்கு முதல் மொட்டை அம்மன் சன்னதியில்தான் என்று கேம்ப் கேட் வரைக்கும் நாலு வண்டி சொந்தத்தைக் கூட்டி வருகிறாள்.

நான் பழைய பட்டியலை வாசித்தேன். அவர் தன் லிஸ்ட்டில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பேருக்கும் எதிரே போன நிலத்தின் அளவும், பெருவிரல் ரேகையும் இருந்தன. இருபத்தாறு முடிந்தது. இருபத்தேழாவதை நான் வாசித்துவிட்டேன். வாசித்தபிறகுதான் என்ன வாசித்தேன் என்று எனக்கே உறைத்தது.

"நாச்சிமுத்து, நாலு ஏக்கர்."

அவர் டிக் போடவில்லை. மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நான் ஒரு நம்பரை விட்டுவிட்டு வாசிப்பதாகச் சொன்னார். விடவில்லை. காகிதத்தை வாங்கி அவரே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். அப்புறம் நாற்பத்தொன்று வரைக்கும் விரல் வைத்துத் தேடினார். பழனியப்பன் என்ற பேர் எங்கேயும் இல்லை. பட்டியலுக்குக் கீழே, நிலம் போனவர்கள் யாரும் இஷ்டப்பட்டுக் கொடுக்கவில்லை, சர்க்கார் கட்டாயமாக எடுத்துக்கொண்டது என்று ஒரு வரி. அதையும் நான்தான் வாசித்தேன்.

தாத்தா பேர் இல்லை. நாலு ஏக்கர் என்பதுகூடத் தாத்தாவுடையது இல்லை. நாச்சிமுத்து குடும்பம் ஈரோட்டில் இருந்த வருடங்களில், காலியாகக் கிடந்த நம்பரில் இவருடைய அப்பா தன் அப்பா பேரை எழுதி, பக்கத்தில் அவர்களுடைய நிலத்தையும் எழுதிவைத்திருக்கிறார். அடுத்த வருடம் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். பிறகு மகன் அதைப் பார்த்து எழுதினார். யாரும் முதல் காகிதத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வந்தவர்கள் கேள்வி கேட்டபோது வாயை அடைக்க ஒரு கதை வேண்டியிருந்திருக்கும். அதைத்தான் என்னிடம்வரை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"பழைய ஆளுக தப்பா எழுதிப்போட்டிருப்பாங்க அம்மணி" என்றார். அதை அவர் இன்னொரு தடவை சொல்லவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். மணி இரண்டே கால். ஹவில்தாருக்கு இந்த எழுத்து படிக்க வராது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பேரனுக்கு வெள்ளிக்கிழமை மொட்டை. அவர் மனதில் அது ஓடியதை முகத்தில் பார்த்தேன். அப்படி மட்டும் செய்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு அந்த நிமிஷத்தில் செய்திருப்பேனா என்று சத்தியமாகத் தெரியாது. கேட்டுக்கு எதிரே கடை வைத்துப் பிழைக்கிறவள் நான்.

கடைசியில் அவரே சொன்னார். "இருபத்தேழ அழிச்சுப்போட்டு நாச்சிமுத்துன்னு அடிங்க. கீழ பூவாத்தா, மதன்குமார்." நான் அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். தூரத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. லிஸ்ட்டைக் கேட்டில் கொடுத்துவிட்டு, பழைய பட்டியலுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மேற்கு வீதிக்கு நடந்தார். தனியாக விட மனம் வராமல் நானும் ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்னால் போனேன்.

பூவாத்தா அக்கா எருமைக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். அங்கப்பண்ணன் வாசற்படி ஏறாமல் கீழேயே நின்றார். "பூவாத்தா, இருபத்தேழாம் நெம்பரு உங்க ஊட்டு நெம்பருங்க. எங்கய்யன் மாத்தி எழுதிப்போட்டாரு. நானும் அதையே பாத்து எழுதிப்போட்டேன். உங்க ஊட்டுல ஆரும் காட்டிக்கொடுக்கலைங்க."

அக்காவுக்குப் புரியவில்லை. நான் காகிதத்தில் இடத்தைக் காட்டி வாசித்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்த ரேகையைத் தொட்டுப் பார்த்தார். அழுவார், ஏசுவார் என்று நினைத்தேன். அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்ணா, எங்களுக்குக் கல்யாணமான மறுவருசம் அவரு உங்க மில்லுக்கு வந்தாருங்களே. பழைய காயிதம் கேம்புல இருக்கும், ஒருக்கா எடுத்துப் பாக்கச் சொல்லுங்கன்னு கேட்டாருங்களே. ஞாபகம் இருக்குதுங்களா?"

அங்கப்பண்ணன் ஞாபகம் இருக்கிறது என்று தலையை ஆட்டினார். அன்றைக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பதை அக்காதான் சொன்னார். எங்கய்யன் எழுத்தையே சந்தேகப்படுகிறாயா, காட்டிக்கொடுத்த வம்சத்துக்குக் காகிதம் ஒரு கேடா என்று ஷிப்ட் விட்டு வருகிற அத்தனை பேர் நடுவிலும் கேட்டாராம். அதற்கப்புறம் சுப்பண்ணன் எந்த வருடப் பொங்கல் நோம்பிக்கும் ஊருக்குள் நிற்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வந்தால் பல்லடம் பஸ் ஏறிப் போய்விட்டு, பொழுது சாய்ந்துதான் வருவாராம். தன் தாத்தாவைத் தானே திட்டுவாராம்.

"அவரு அதை நெசம்னே நம்பிச் செத்துப்போனாருங்க" என்றார் அக்கா. அவ்வளவுதான். திரும்பிப் போய்த் தவிடு கலந்தார். நாங்கள் இருவரும் எப்படித் திரும்பி நடந்தோம் என்று எனக்கு நினைவில்லை.

ஊரில் இரண்டு நாள் இதே பேச்சு. அங்கப்பண்ணனுக்குப் பைத்தியம் என்றார்கள் சிலர். செத்துப்போன அப்பாவை இப்படி அசிங்கப்படுத்துவானா என்றார்கள். நாச்சிமுத்து கதையைக் காலமெல்லாம் சொன்ன வாய்கள், தங்களுக்கு அப்போதே சந்தேகம் இருந்தது என்றன. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மோகனப்பிரியா போனிலேயே கத்தியிருக்கிறாள். மாமியார் வீட்டில் நான் என்ன சொல்வேன் என்று கேட்டதற்கு, நடந்ததைச் சொல் கண்ணு என்றாராம். அவள் வரவில்லை. மொட்டையைத் திருப்பூரிலேயே அடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஹவில்தார் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். இருபத்தேழு என்றதும் பூவாத்தா அக்கா பானையோடு மகன் பின்னால் உள்ளே போனார். எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். அங்கப்பண்ணன் வெள்ளை வேட்டி சட்டையோடு என் கடைப் பக்கம் வெயிலில் நின்றிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அறுபத்தொன்பது வயதில் முதல் தடவையாக கேட்டுக்கு வெளியே நிற்கிறார்.

பொங்கல் பொங்கும் முன்பே, அரை மணி நேரத்தில், அக்கா மட்டும் தனியாகத் திரும்பி வந்தார். ரோட்டைக் கடந்து நேராக அங்கப்பண்ணன் முன்னால் வந்து நின்றார். அக்காவின் குரல் உயரவே இல்லை.

"உள்ள ஒண்ணும் இல்லீங்ணா. ஒரு நட்டகல்லு, ரெண்டு வெளக்கு. அவ்வளவுதானுங்க."

அங்கப்பண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இதுக்காங்ணா அவரை ஊருக்குள்ள நிக்கவிடாமப் பண்ணுனீங்க?"

பதிலுக்கு அக்கா நிற்கவில்லை. மேற்கு வீதியைப் பார்த்து நடந்துவிட்டார்.