ஏழாம் நாள் தண்ணீர்

வாவிக்கு அருகில் இருந்தும் உவர் ஏறாத கிணறு எங்கள் வளவுக் கிணறு. தெருவில் பாதிப்பேர் குடத்தோடு வந்து நிற்பார்கள். அம்மா எனக்கு இந்த வீட்டைச் சீதனமாக எழுதித் தந்தபோது, வீட்டைவிடக் கிணற்றைப் பற்றித்தான் அதிகம் பெருமையடித்தார். கலியாணம் முடித்து இங்கு குடிவந்த என் கணவரும் முதல் நாளே அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு மெச்சினார். கடைசியில் என் மானத்தை வாங்கியதும் அதே தண்ணீர்தான்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். ஏறாவூர்ப் பக்கம், வாவியோரமாக ஒரு ஹாஜியாரின் அரிசி ஆலை இருக்கிறது. நெல் ஊறவைத்த தண்ணீர் தேயிலைச் சாயம்போல நிறம் பிடித்து, நாறி, வாய்க்கால் வழியே வாவியில் போய் விழும். தினமும் பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொண்டு போய் அலுத்துத்தான் அதை வடிகட்டித் தெளிய வைக்கிற வேலையில் இறங்கினேன். உமிக்கரி ஒரு பீப்பாய், சுட்டு உடைத்த மட்டிச்சிப்பி ஒரு பீப்பாய், மணல் ஒரு பீப்பாய். தண்ணீர் ஆறு நாள் மெல்ல மெல்ல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்க வேண்டும். வீட்டில் வாளிகளில் செய்து பார்த்தபோது ஏழாம் நாள் தெளிந்து வந்தது. இரண்டு வருடச் சனிக்கிழமைகளை அந்த வாளிகளுக்குக் கொடுத்தேன். முதலில் சிரித்த ஹாஜியார், பிறகு பெரிய பீப்பாய்களைத் தானே வாங்கி ஆலைக்குப் பின்னால் வைத்துத் தந்தார்.

ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தேன். எங்கள் பேச்சில் அது 'பேட்டன்'. சாதாரண வரிசையில் நின்றால் வருடக்கணக்கில் இழுபடும் என்றும், சுற்றாடலுக்கு நன்மை தருகிற கண்டுபிடிப்பு என்று காட்டினால் முன்னுக்கு எடுத்துப் பார்ப்பார்கள் என்றும் சொன்னார்கள். அதற்கு, வடிகட்டுவதற்கு முன்னும் பின்னும் தண்ணீர் எப்படி இருக்கிறது என்ற ஆய்வுகூட அறிக்கையைக் குறித்த திகதிக்குள் அனுப்ப வேண்டும்.

ஆலையில் பீப்பாய்களை ஓடவிட்ட கிழமை பார்த்து எனக்கு வெளியூரில் விடைத்தாள் திருத்தும் வேலை வந்தது. 'முன்' போத்தலை நானே நிரப்பினேன். 'பின்' போத்தலைக் கணவரிடம் கொடுத்து, ஏழாம் நாள் மூன்றாவது பீப்பாயின் குழாயில் பிடித்து ஆய்வுகூடத்தில் சேர்த்துவிடச் சொன்னேன். வேறு யாரிடம் கொடுப்பேன்? வாளிகளுக்கு உமி சுமந்தவர் அவர்தான்.

அறிக்கை அபாரமாக வந்தது. நிறம், நாற்றம், அழுக்கு எல்லாம் போயிருந்தன. அந்த வரிகளை மட்டும் பார்த்துத் துள்ளிக் குதித்து, மிச்சத்தை வாசிக்காமலே அனுப்பிவிட்டேன். அது என் மடத்தனம். விண்ணப்பத்தை முன்வரிசையில் எடுத்துவிட்டதாகக் கடிதம் வந்ததும் பாடசாலையில் காலைக் கூட்டத்தில் மேடையேற்றிக் கைதட்டினார்கள். ஹாஜியார் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு கொண்டுவந்தார்.

வேகமான வரிசை என்றால் கேள்வியும் வேகமாகத்தான் வரும். இரண்டு மாதத்தில் அடுத்த கடிதம் வந்தது. தண்ணீரில் இருந்த உப்பும் பெருமளவு குறைந்திருக்கிறது, உப்பை எது நீக்குகிறது என்று உங்கள் விவரணத்தில் இல்லை, விளக்கவும் என்று கேட்டிருந்தார்கள்.

ஆலைக்குத் தண்ணீர் இறைப்பது வாவியோரக் குழாய்க்கிணற்றிலிருந்து. நல்ல உவர். தண்ணீரில் கரைந்த உப்பைக் கரியும் பிடிக்காது, மணலும் பிடிக்காது. இதைப் பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் நானே படிப்பிக்கிறேன். அறிக்கையை எடுத்து, வாசிக்காமல் விட்ட வரியை வாசித்தேன். இந்த ஊரில் இவ்வளவு நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா?

என் கணவர் முற்றத்தில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். போத்தலில் என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். குழாயை மூடிவிட்டு நின்றார்.

"அஞ்சாம் நாள் போய்ப் பாத்தன். சாயம் மாதிரித்தான் கிடந்தது. இன்னும் ரெண்டு நாள்ல என்ன மாறப்போகுது எண்டு, நம்மட கிணத்துல அள்ளிக் குடுத்தன்," என்றார். "ரெண்டு வருசமாப் பாடுபட்டாய். திரும்பி வந்து நீ அழக்கூடாதெண்டுதான்."

"அழுதிருப்பன். அவ்வளவுதானே."

இரண்டு வருடமும் அவர் என்னை நம்பி உமி சுமக்கவில்லை, பாவம் பார்த்துச் சுமந்திருக்கிறார். அதுதான் நெஞ்சைப் பிய்த்தது. போதாததற்கு, உப்புக்கும் ஏதாவது ஒரு விளக்கம் எழுதிவிடு, நீ படித்தவள்தானே என்றார். அன்றைக்கே விண்ணப்பத்தை மீளப் பெறுவதாகக் கடிதம் எழுதி, காரணம் என்ற இடத்தில் 'ஆய்வுக்கான நீர் மாதிரி பிழையானது' என்று போட்டேன். யார் பிழை என்று எழுத அதில் இடமும் இல்லை, எனக்கு மனமும் வரவில்லை.

பிறகு ஆலையில் பீப்பாய்களைக் கழுவிப் புதுக் கரி போட்டு மறுபடி ஓடவிட்டேன். ஐந்தாம் நாள் அவர் சொன்னது போலத்தான், சாயம். ஆறாம் நாளும் பெரிய மாற்றமில்லை. ஏழாம் நாள் காலை அவரே என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். குழாயைத் திறந்து கண்ணாடிக் குவளையில் பிடித்தேன். இலேசான மஞ்சள், அவ்வளவுதான். நாற்றம் இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உவர்த்தது. உவர்க்கத்தான் வேண்டும்.

அவர் எட்டிப் பார்த்து, முகம் மலர்ந்து சொன்னார்: "பாத்தியா, சரியாத்தானே வந்திருக்கு. அப்ப நான் குடுத்ததும் பொய்யில்லையே."

அதற்குள் ஹாஜியார் வந்துவிட்டார். குவளையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சந்தோசப்பட்டார். அப்ப பேட்டன் எப்ப கிடைக்கும் என்று கேட்டார். விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்துவிட்டேன், இனிப் புதிதாகப் போட்டு முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும் என்றேன். ஏன் என்றார். ஆய்வுக்குத் தண்ணீர் எடுத்ததில் ஒரு பிழை நடந்துவிட்டது என்றேன்.

"டீச்சருக்கே பிழை வந்திட்டா?" என்று அவர் அன்பாகத்தான் சிரித்தார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அவரும் ஹாஜியாரோடு சேர்ந்து சிரித்தார்.