நாண் அடித்த கையும் கங்காணியின் வாயும்

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் சைக்கிளில் வந்து இறங்குவதற்கு ஏழெட்டு வருடம் முன்பு நடந்தது இது. லாபிஸிலிருந்து உள்ளே தள்ளி, காற்று வாக்கில் ரயில் சத்தம் கேட்கும் ஒரு ரப்பர் தோட்டம். எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும். பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். இன்று கூலாய் பட்டணத்தில் என் பெயர் எழுதிய லாரிகள் ஓடுகின்றன. அந்தப் பெயரில் இருந்த எழுத்துப் பிழையைப் பெயிண்டருக்குச் சுட்டிக் காட்டியவனும் நான்தான்.

எங்கள் தோட்டத்துச் சின்னத் துரைக்கு வில் பைத்தியம். ஆள் உயரத்துக்கு ஒரு நெட்டை வில்லைச் சீமையிலிருந்து கொண்டு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மைதானத்தில் லாலாங் புல்லை வண்டிச் சக்கரம் போலக் கட்டி நிறுத்தி அம்பு விடுவார். இடது கையில் தோல் பட்டை கட்டிக்கொள்வார். தான் விட்டு முடித்ததும் வேடிக்கை பார்க்கிற எங்களைக் கூப்பிட்டு வில்லை நீட்டுவார். வில்லைக் கொடுப்பாரே தவிர, பட்டையைக் கொடுக்க மாட்டார். அவருக்கு விளையாட்டே அதில்தான். இழுத்து விட்டவுடன் அம்பு எங்கேயோ போகும், நாண் திரும்பி வந்து இடது கையின் உள்பக்கத்தில் சுளீர் என்று அடிக்கும். மண்வெட்டியும் பால்வெட்டுக் கத்தியும் பிடித்த பெரிய பெரிய ஆட்களெல்லாம் "அய்யோ அம்மா" என்று குதிப்பார்கள். துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

ஒரு நாள் நானும் விட்டேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் தடித்து எழும்பிவிட்டது. ரோத்தான் பிரம்படிகூட அப்படி எரியாது. நான் குதிக்கவில்லை. ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பெரிய கங்காணி பார்த்துவிட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாருக்கு எந்த இடத்தில் வேலை என்று பிரித்துக் கொடுப்பவர் அவர். என் அப்பாவைவிடப் பத்து வயதாவது சின்னவர். ஆனால் தலை நரைத்த என் அப்பாவை எல்லார் முன்னாலும் "டேய்" என்றுதான் கூப்பிடுவார். அப்பாவும் "சாமி" என்று ஓடுவார்.

"என்னடா, பால்வெட்டுற கைக்கு வில்லு கேக்குதோ?" என்றார் கங்காணி. பிறகு கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அப்பாவைப் பார்த்து, "டேய், ஒம்மவன் அழுவுறான் பாரு. தூக்கிட்டுப் போயி தொட்டில்ல போடு" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கங்காணி, அடுத்த சம்பளம் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை இதே வில்லுல மூணு அம்பு வுடுறேன். கையில ஒண்ணுங் கட்ட மாட்டேன். கயிறு என் மேல பட்டுச்சுன்னா, ஒரு வருசம் ஒங்க கொடையத் தூக்கிட்டுப் பின்னாலேயே வர்றேன். படலன்னா, காலையில ஆளு கணக்கெடுக்குற பெரட்டுல எல்லாரு முன்னாடியும் எங்கப்பாவ 'அண்ணே'ன்னு கூப்பிடணும்."

பக்கத்தில் நின்ற கூட்டாளி "அலாமாக்" என்று வாயைப் பொத்திக்கொண்டான். துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாகப் புரியும். "என்ன கங்காணி, நீ பயமா?" என்று அவர் கேட்டதும், கங்காணிக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. "சரிங்க தொர" என்றார்.

வீட்டில் அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஏண்டா இப்படிச் செஞ்ச? அவரு 'டேய்'னு கூப்பிட்டா என் ஒடம்புல ஓட்டையா வுழுந்துருச்சு?"

என் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னார்: "ஒங்களுக்கு வுழல. எனக்கு வுழுந்துச்சு."

மறுநாளே நிபோங் மரத்தைப் பிளந்து ஒரு வில் செய்தேன். நாணுக்கு மீன் பிடிக்கிற கயிற்றை முறுக்கிக்கொண்டேன். மத்தியானம் வேலை முடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போய்விடுவேன். முதலில் முரட்டுத்தனமாகத்தான் யோசித்தேன். இன்னும் இறுக்கிப் பிடித்தால், இன்னும் பின்னால் இழுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். முன்னைவிட மோசமாக அடித்தது. அடிபட்ட இடத்திலேயே மறுபடி அடித்தால் எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்ட முடியாது.

சொல்லித்தர யாரும் இல்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. அடுப்புக் கரியை நாணில் தேய்த்துவிட்டு அம்பு விட்டேன். நாண் எங்கே தொட்டதோ அங்கே கையில் கறுப்புக் கோடு விழுந்தது. இது என் சொந்த மூளை. அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் கண்டுபிடித்தேன்.

துரை தன் முறைக்கு வில்லை எடுக்கும்போது, கட்டைவிரலை நீட்டி முஷ்டியை வில்லுக்கும் நாணுக்கும் நடுவில் வைத்துப் பார்ப்பது நினைவுக்கு வந்தது. எங்கள் முறையில் அதைப் பார்க்க மாட்டார். என் வில்லில் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலுக்கு இடமே இல்லை. நாண் வில்லை ஒட்டிக் கிடந்தது. நாணைக் கழற்றி நன்றாக முறுக்கிக் கட்டினேன். நாண் குட்டையாகி, வில்லிலிருந்து தள்ளி நின்றது. மணிக்கட்டில் விழுந்த கோடு மறைந்தது. முழங்கையில் விழுந்தது மறையவில்லை.

அதற்கு விடை பால் மரத்தில் கிடைத்தது. ஒரு நாள் களைப்பில் இடது உள்ளங்கையை மரத்தில் ஊன்றி நின்றேன். உள்ளங்கை அசையாமல் முழங்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்ப முடிகிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். திருப்பினால், முழங்கையின் உள்சதை நாண் வருகிற வழியை விட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஆனால் வில்லைப் பிடித்தால் கை பழையபடி உள்ளே திரும்பியது. ஏன்? மண்வெட்டிக் காம்பைப் பிடிப்பதுபோல ஐந்து விரலாலும் நெரித்துப் பிடித்தேன். எங்கள் தோட்டத்தில் எவனுக்கும் வேறு பிடி தெரியாது; அதனால்தான் எல்லாரும் அடி வாங்கினோம். விரல்களைத் தளர்த்தி, கட்டைவிரல் இடுக்கில் வில் சும்மா சாய்ந்து நிற்கும்படி விட்டேன். இடது காலையும் கொஞ்சம் பின்னால் வாங்கி நின்றேன். அம்பு போயிற்று. கையைத் திருப்பிப் பார்த்தேன். கோடு இல்லை. ஆற்றில் குதித்து நீந்தினேன், அவ்வளவு சந்தோஷம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லயத்து வீட்டுச் சனமே மைதானத்தில் இருந்தது. அப்பா மட்டும் வரவில்லை. நான் சட்டையைக் கழற்றிப் போட்டேன். வில்லை வாங்கி முஷ்டியை வைத்துப் பார்த்தேன். நாண் நெருங்கித்தான் இருந்தது. முறுக்கிக் கொடுங்கள் என்று கேட்டேன். "திருட்டுப் பயல், நீ பாத்தாச்சு!" என்று துரை சிரித்துக்கொண்டே முறுக்கிக் கொடுத்தார். நான் மடியிலிருந்த கரியை எடுத்து, எல்லாரும் பார்க்க நாண் முழுதும் தேய்த்தேன். பட்டதா படவில்லையா என்று பின்னால் பேச்சு வரக்கூடாது.

முதல் அம்பு புல் சக்கரத்தைத் தாண்டிப் போயிற்று. கங்காணி வேகமாக வந்து என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. இரண்டாவது அம்பு சக்கரத்தின் ஓரத்தில் குத்தியது. மறுபடி பார்த்தார். மூன்றாவதற்கு முன்னால் என் விரல்கள் தாமாகவே இறுகுவது தெரிந்தது. வில்லை இறக்கினேன். "என்னடா, கொட தூக்கப் பயமா?" என்றார் கங்காணி. விரல்களை உதறித் தளர்த்திக்கொண்டு விட்டேன். நட்ட நடுவில் போய் நின்றது. அவர் கையைப் பார்க்க வரவில்லை. நானே அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டு. எல்லாரும் வாளியோடு வரிசையில் நின்றோம். கங்காணி ஒவ்வொருவருக்கும் இடம் சொல்லிக்கொண்டு வந்தார். அப்பாவிடம் வந்ததும் "டேய்" என்றும் சொல்லவில்லை, "அண்ணே" என்றும் சொல்லவில்லை. குடையால் திசையைக் காட்டினார். அவ்வளவுதான்.

அப்பா கிளம்பப் போனார். நான் அவர் வாளியைப் பிடித்துக்கொண்டேன். "கங்காணி ஒண்ணு சொல்லணுமே" என்றேன். எனக்குப் பின்னால் யாரோ தன் வாளியைத் தரையில் வைத்த சத்தம் கேட்டது. இன்னொரு வாளி. பிறகு வரிசை முழுதும். நேரம் போனால் பால் வடியாது, துரை கேட்பார். கங்காணியின் கழுத்து வேர்த்தது.

"அண்ணே, மேட்டுப் பக்கம் போங்க" என்றார்.

அப்பா என்ன செய்வார் என்று எனக்குப் பயம். "சாமி" என்று கும்பிட்டுவிட்டால் என் கை பட்ட பாடெல்லாம் வீண். அவர் நிதானமாக வாளியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"சரிங்க தம்பி."

சிரிப்பு லயம் வரை கேட்டிருக்கும்.

அந்த மாதமே எங்களை வழுக்குப் பாறை நிறைந்த மேட்டுக்காட்டிலேயே நிரந்தரமாகப் போட்டார் கங்காணி. போடட்டும் என்று இருந்தோம். "டேய்" மட்டும் திரும்பி வரவில்லை. மரியாதையைக் கேட்டு வாங்கக்கூடாது, அது தானாக வர வேண்டும் என்று படித்தவர்கள் என்னிடம் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அது தானாக வரவே இல்லை, நான் கேட்டுத்தான் வாங்கினேன், அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பொட்டு வெட்கம் கிடையாது.